வெங்காய மருந்தும் வெயில் மயக்கமும்

மார்ச் மாதம் பிறந்ததும் உங்கள் மேசைக்கு அறிவுரைகள் வரத் தொடங்கும். பிள்ளைகளை வெயிலில் அதிக நேரம் நிறுத்தாதீர்கள். தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். மயங்கி விழுந்தால் நிழலில் கிடத்தி ஈரத்துணி போடுங்கள். எல்லாம் சரியான அறிவுரைதான். நானும் அதைத்தான் பாடசாலை பாடசாலையாகப் போய்ச் சொன்னேன். அந்தச் சரியான அறிவுரை ஒரு பிள்ளையின் உயிரை எடுக்கப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களாகப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அதைத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

நான் ஓய்வு பெற்றவன். நீங்கள் இப்போது மோட்டார் சைக்கிளை ஓட்டுவதைவிட அதிகம் தள்ளித் திரிகிற அதே கற்பிட்டிப் பக்கத்து மணல் ஒழுங்கைகளில் நானும் தள்ளித் திரிந்தேன். எனக்குப் பூசி மெழுகிப் பேசத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் பெரிய கதிரையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பேன்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இங்கே அகதி முகாம்களில் இருந்த முஸ்லிம்களில் திரும்பிப் போக நினைத்தவர்கள் போய்விட்டார்கள். மற்றவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களின் பிள்ளைகளையும் சனம் இன்னும் ‘காம்புப் புள்ளைகள்’, அதாவது முகாம் பிள்ளைகள், என்றுதான் சொன்னது. நானும் அப்படி மன்னாரிலிருந்து வந்தவன்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு இதை வைத்துத்தான் என்னை அடித்தார்கள்.

மாம்புரிக்குப் போகும் வழியில் ஒரு முஸ்லிம் பாடசாலை. பேர் வேண்டாம். அந்தப் பாடசாலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு பெரிய வெங்காயத் தோட்டம் இருந்தது. மைதானத்துக்கும் தோட்டத்துக்கும் இடையில் முள்ளுக்கம்பி வேலி மட்டும்தான். தோட்டக்காரரை ஊரில் வெங்காய ஹாஜியார் என்பார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அவர்தான் பெரிய ஆள். பள்ளிவாசல் நிருவாகத்திலும் அவர்தான். விளையாட்டுப் போட்டிக்குக் கேடயம் வாங்கிக் கொடுப்பவரும் அவர்தான். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் பகுதியிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

பிள்ளைகளைப் பச்சை, நீலம், மஞ்சள் என்று இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கியிருந்தது. காலையிலேயே அணிநடைப் பழக்கம். நான் சிற்றுண்டிச்சாலையைப் பார்க்கப் போயிருந்தேன். ரொட்டி மூடியிருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது மைதானத்தில் விசில் நின்றது. பிறகு பெண் பிள்ளைகள் கத்தும் சத்தம்.

நான் போனபோது மூன்று பிள்ளைகள் வேப்பமரத்து நிழலில் இருந்தார்கள். இரண்டு பேர் குந்தியிருந்து வாந்தியெடுத்தார்கள். பச்சை இல்லத்துக்குக் கொடி பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்ற பிள்ளை மட்டும் படுத்த படுக்கை. பத்தாம் வகுப்பு மாணவி. அவளைச் சுற்றி நான் கற்றுக்கொடுத்ததெல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. கால்களை உயர்த்தி வைத்திருந்தார்கள். ஒருத்தி விசிறினாள். அவள் போட்டிருந்த பர்தாவை, அதாவது தலையை மூடும் அந்த வெள்ளைத் துணியை, வாளித் தண்ணீரில் நனைத்து முகத்தின் மேலேயே விரித்திருந்தார்கள்.

பாடசாலை அதிபர் என்னைக் கண்டதும் சந்தோஷமாகச் சொன்னார். “சேர், நீங்க போன முறை வந்து சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சிட்டம். சரியான வெயில்.”

நான் துணியைத் தூக்கிப் பார்த்தேன். வெயிலில் விழுந்த பிள்ளையின் வாய் காய்ந்து கிடக்கும். இந்தப் பிள்ளையின் வாயிலிருந்து எச்சில் நுரைநுரையாக வழிந்துகொண்டிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கைத்தசை தோலுக்குள்ளே புழு நெளிவதுபோலத் துடித்தது. அந்தத் துணியிலிருந்து வந்த வாசம் வெயிலின் வாசமில்லை.

நான் பர்தாவை இழுத்து எறிந்தேன்.

“அவரு பர்தாவக் கழட்டிட்டாரு!” என்று யாரோ ஒரு பிள்ளை அலறினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் முதுகில் பயிருக்குத் தெளிக்கும் மோட்டர் மெஷினைச் சுமந்துகொண்டு, இங்கே என்ன கூத்து என்று பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேலிக்கு ஓடி, அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

“நானா, என்ன அடிக்கிறீங்க?”

“மருந்து, சேர்.”

“என்ன மருந்து?”

“வெங்காய மருந்து.”

“பேர் என்ன எண்டு கேக்கிறன்.”

“பேர் ஆருக்குத் தெரியும்? நீலக் கேன்ல வாற மருந்து. வெள்ளன அடிச்சு முடிக்கிறது. இண்டைக்கு மெஷின் ஸ்டார்ட் ஆகல்ல, அதான் சுணங்கிட்டு.”

சுணங்கியதுதான் காரியம். விடியற்காலையில் அங்கே காற்று செத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று எழும்பும். அவர் வெங்காயத்துக்கு அடித்தார். காற்று அதைத் தூக்கி வந்து வேலியோரம் கொடி பிடித்து நின்ற பிள்ளையின் மேல் ஊற்றியது. அவள் வரிசையைக் குழப்பக் கூடாது என்று அசையாமல் நின்றிருக்கிறாள். பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து, அதே நஞ்சு பட்ட துணியை நனைத்து அவள் மூக்கின் மேல் போட்டு மூச்சு வாங்கச் சொன்னோம்.

“அந்தக் கேனை இங்கால எறியுங்க” என்றேன். அவர் யோசித்தார். நான் போட்ட சத்தத்தில் எறிந்தார். இதை மறக்காதீர்கள்: ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை மட்டும் போனால் போதாது, கேனும் போக வேண்டும்.

ஆனால் போவதற்கு முன்னால் உடுப்பு முழுவதையும் கழற்றிக் கழுவ வேண்டும். அதைச் சொன்னதும் அதிபரின் முகம் மாறியது.

“என்ன சேர் கதைக்கிறீங்க? மைதானத்தில வெச்சு பொம்புளப் புள்ளைகள்ர உடுப்பக் கழட்டுறதா? நாளைக்கு ஊர் என்னைய உசிரோட விடுமா?”

“நஞ்சு உடுப்பிலதான் இருக்கு. போட்டிருக்கும் வரைக்கும் உள்ளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும்.”

“உங்களுக்கு வெக்கம் இல்லாட்டியும் எங்களுக்கு இருக்கு.”

“ஓம், எனக்கு வெக்கம் இல்ல. தண்ணியக் கொண்டு வாங்க.”

நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் நின்று வாய்ச்சண்டை பிடித்த அந்த நேரத்தில் பர்வின் டீச்சர் வேலையைத் தொடங்கிவிட்டார். சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிப்பவர். அதுவரை அவர் அதிபருக்கு முன்னால் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. இல்லக் கூடாரங்களுக்குக் கட்டியிருந்த பச்சை, நீல, மஞ்சள் துணிகளை அவிழ்க்கச் சொல்லிப் பெரிய பிள்ளைகளைச் சுற்றி மறைப்புப் பிடிக்க வைத்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“ஆம்புள எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க! அதிபர் சேர், நீங்களும்தான். ஹலாலோ ஹறாமோ, அல்லாஹ்வுக்கு நான் பதில் சொல்லிக்கொள்றன்.”

திரும்பினோம். வாளி வாளியாகத் தண்ணீர் போனது. கழுவி முடிந்ததும் தொழுகை அறையில் தொங்கிய தொழுகை உடுப்புகளைக் கொண்டுவந்து மூன்று பேருக்கும் உடுத்திவிட்டார்கள். இப்படி ஒன்றை எந்தப் பயிற்சியிலும் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டார்கள். வெட்கத்தோடு சண்டை பிடிக்காதீர்கள், அது உங்களைவிடப் பலசாலி. அதற்கு ஒரு மறைப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். நான் சண்டை பிடித்தேன். டீச்சர் மறைப்புக் கட்டினார். பிள்ளைகளைக் காப்பாற்றியது மறைப்பு.

வாந்தியெடுத்த இருவரும் கழுவியபின் கொஞ்சம் தெளிந்தார்கள். அவர்களை அதிபர் தன் காரில் ஏற்றினார். கொடி பிடித்த பிள்ளையை நானும் டீச்சரும் ஓட்டோவில் ஏற்றினோம். அதற்குள் அவளுடைய உம்மா ஓடி வந்து சேர்ந்தார். வழியெல்லாம் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார். பாதி வழியில்தான் என் கையிலிருந்த நீலக் கேனைக் கண்டார். ஓதுவதை நிறுத்தினார்.

“சேர், அது மருந்தா?”

“ஓம் தங்கச்சி. தோட்டத்தில அடிச்சது மேல பட்டிருக்கு.”

என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “சேர், ஆஸ்பத்திரியில போய் மருந்து எண்டு மட்டும் சொல்லிராதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வெயிலுக்கு விழுந்த எண்டு சொல்லுங்க.”

நீங்கள் வெளியூரிலிருந்து வந்திருந்தால் இது ஏன் என்று விளங்காது. எங்கள் தமிழில் கல்யாணமாகாத ஒரு குமர்ப்பிள்ளையையும் மருந்தையும் ஒரே வசனத்தில் சொன்னால், அவள் மருந்து குடித்துவிட்டாள் என்றுதான் அர்த்தம். குடித்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் என்றால் ஒரு பொடியன் இருப்பான். பொடியன் இல்லாவிட்டால் அதைவிட மோசமான ஏதோ ஒன்று இருக்கும். அந்த உம்மா அறிவில்லாமல் சொல்லவில்லை. காம்பு வீட்டில் நான்கு பெண் பிள்ளைகளை வைத்திருந்தவர், அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரப்போவதை எல்லாம் ஓட்டோவில் இருந்தபடியே கண்டுவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் இறங்குவதற்குள் அவர் உள்ளே ஓடிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது, அவர் தமிழில் சொன்னதைத் தாதி சிங்கள டொக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: விளையாட்டுப் பழக்கம், கடும் வெயில், மயக்கம். சேலைன் ஏற்றத் தயாரானார்கள். பிள்ளையின் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல மூச்சு சத்தம் போட்டது.

சிங்களத்திலும் இதே கூத்துத்தான். தோட்டத்தில் அடிப்பதற்கு அவர்களும் ‘பெஹெத்’ என்கிறார்கள், நோய்க்குக் குடிப்பதற்கும் ‘பெஹெத்’ என்கிறார்கள். நான் அந்தச் சொல்லைத் தொடவில்லை. நீலக் கேனை டொக்டருக்கு முன்னால் வைத்து, “வஸ” என்றேன். நஞ்சு. “குடிக்கவில்லை. மேலே தெளிக்கப்பட்டிருக்கிறது.”

டொக்டர் பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அங்கே யாரும் நடக்கவில்லை, ஓடினார்கள். சரியான ஊசி ஏறியது.

உம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். “என்ர புள்ளட பேர நாசமாக்கிட்டீங்க சேர்.”

பேர் இருப்பதற்கு முதலில் பிள்ளை இருக்க வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது. அந்த நேரத்தில் அதைச் சொல்வது கெட்டித்தனம்தான், மனுஷத்தனம் இல்லை.

அவர் பயந்ததுதான் நடந்தது. நாங்கள் ஊருக்குத் திரும்பும் முன்பே கதை திரும்பியிருந்தது. காம்புப் பிள்ளை ஒருத்தி மருந்து குடித்துவிட்டாளாம். மற்ற இரண்டு பேரும் ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளைகள், ஆகவே அவர்களுக்கு வெயில் மயக்கம். ஒரே மைதானத்தில், ஒரே காற்றில், ஒரே நஞ்சு பட்ட மூன்று பிள்ளைகளுக்கு இரண்டு வியாதி! ஊரின் வைத்தியம் இப்படித்தான்.

ஹாஜியார் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார். “சேர், அல்லாஹ் புண்ணியத்தில புள்ளைக்குச் சுகம் எண்டு கேள்விப்பட்டன். இனி இதக் கிண்டத் தேவல்ல. வெயில் எண்டு விடுங்க. அந்தப் புள்ளைக்கும் நல்லம், எனக்கும் நல்லம்.”

“ஊர் வெயில் எண்டு சொல்லல்லயே ஹாஜியார். குடிச்சிட்டா எண்டல்லவா சொல்லுது.”

“சனம் நாலு நாளைக்குக் கதைக்கும்.”

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா இண்டைக்கே நிப்பாட்டும். உங்கட தோட்டத்தில இருந்து வந்த எண்டு சொல்லுங்க.”

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். “நீங்களும் மன்னார் ஆள்தானே. மன்னார் ஆளுக்குத்தான் கதைப்பீங்க.”

அதிபரிடம் கேட்டேன், பாடசாலையில் சொல்லச் சொல்லி. கேடயம் வந்துவிட்டதாம், போட்டி முடியட்டும் என்றார். என் மேலதிகாரியிடம் சொன்னேன். ‘பிள்ளை பிழைத்துவிட்டது அல்லவா, இனி உமக்கு என்ன வேலை’ என்றார். உங்களிடமும் ஒருநாள் இதைக் கேட்பார்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது என்று சொல்லுங்கள். பொய்யான காரணம் ஊரில் நின்றுவிட்டால், வேலியும் அப்படியே நிற்கும், மெஷினும் அப்படியே நிற்கும், அடுத்த வருடம் வேறொரு பிள்ளை அதே இடத்தில் கொடி பிடிக்கும். அவளுக்கும் அதே ஈரத்துணியைப் போடுவார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகை முடிந்து சனம் கலையும் முன் யாராவது எழுந்து நின்றால், அவர் உதவி கேட்கிறார் என்று அர்த்தம். சிறுநீரகம் பழுதானவர் நிற்பார், வீடு எரிந்தவர் நிற்பார், குமர் காரியத்துக்கு, அதாவது மகளின் கல்யாணத்துக்குக் கேட்பவர் நிற்பார். நான் எழுந்து முன்னால் போய் ஒலிவாங்கியைப் பிடித்தபோது முன்வரிசையில் நாலைந்து கைகள் சட்டைப் பைக்குப் போயின.

“அஸ்ஸலாமு அலைக்கும். காசு கேக்க வரல்ல. கைய வெளிய எடுங்க” என்றேன். “அந்தப் புள்ள ஒண்டும் குடிக்கல்ல. பள்ளிக்கூட மைதானத்தில கொடி பிடிச்சிக்கொண்டு நிண்ட புள்ளைக்கு மேல வெங்காயத் தோட்டத்து நஞ்சு வந்து விழுந்திருக்கு. குடிச்ச எண்டு கதைச்சவங்க எல்லாரும் ஒரு புள்ளையப் பத்திப் பொய் சொல்லியிருக்கீங்க. இதுக்கு மேலயும் கதைக்கிறதெண்டா வெளிய போய் ஒதுங்கிக் கதைக்காதீங்க, இங்க வெச்சு எனக்கிட்ட கதைங்க.”

முன்வரிசையில் ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தார். மெதுவாகத்தான் சொன்னார். “சேர், பள்ளிக்குள்ள வெச்சு நஞ்சு எண்டு சொல்லாதீங்க. நாளைக்கு வெங்காயத்துக்கு லொறி வருது. மருந்து எண்டு சொல்லுங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“மருந்தெண்டா நோய மாத்தணும் ஹாஜியார். அந்தப் புள்ளைக்கு என்ன நோய் இருந்திச்சி?”

“நாங்க உங்களுக்கு எல்லாம் இடம் தந்தம். அத மறந்துட்டுக் கதைக்கிறீங்க.”

“மறக்கல்ல. உங்கட வாப்பாட தோட்டத்துக் கொட்டில்லதான் நாங்க வந்த புதுசில படுத்தம். அவர் சோறும் தந்தாரு. கேட்டா இந்தத் தோலையும் செருப்பாத் தச்சுத் தருவன். புள்ளையத் தர ஏலா.”

கடைசி வரிசையிலிருந்து அந்தப் பிள்ளையின் வாப்பா எழும்பினார். உப்பளத்தில் வேலை செய்பவர், கால் இரண்டும் வெடித்து வெளுத்திருக்கும். வரிசைகளுக்கு நடுவால் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார்.

அதற்குப் பிறகு நான் எதிர்பார்க்காத ஆள் எழும்பினார். கடைத்தெருவில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருந்தவர், ஊர்க்காரர், ஹாஜியாரின் மச்சான். வாந்தியெடுத்த பிள்ளைகளில் ஒருத்தி அவருடைய மகள்.

“என்ர மகளும் அங்கதான் நிண்ட” என்றார். “கண் ரெண்டும் எரியுது எண்டு அழுதா. நான் தெரிஞ்சிக்கொண்டுதான் வெயில் எண்டு சொன்னன். மச்சான், நீங்க வெயிலுக்கா மெஷின் அடிச்ச?”

ஹாஜியார் தலையைக் குனிந்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். தன் பேருக்கும் ஒரு பிள்ளையின் பேருக்கும் இடையில் எதைக் கொடுப்பது என்று வந்தபோது தயங்காமல் பிள்ளையின் பேரைக் கொடுத்தவர், அவ்வளவுதான். நல்ல மனிதர்கள்தான் இதைச் செய்கிறார்கள்.

“சரி” என்றார். “அப்ப எந்த நேரம் அடிக்கிற எண்டு நீங்களே சொல்லுங்க.”

“பள்ளிக்கூடம் உள்ள நாள்ல காலையில அடிக்கக் கூடா. பின்னேரம் அடிங்க.”

“பின்னேரம் காத்து.”

“காத்து விழுந்த பொறகு அடிங்க.”

“அது மஃரிபாகிடும்.”

“மஃரிபாகட்டும். தொழுதுட்டு அடிங்க.”

“இருட்டில வெங்காயம் தெரியாதே சேர்.”

“பகல்ல புள்ள தெரியல்ல உங்களுக்கு. இருட்டில வெங்காயம் தெரியாட்டிப் பரவாயில்ல.”

கடைசியில் சனி ஞாயிறு விடியற்காலை என்று முடிவானது. வேலியோரத்துப் பாத்திகளில் வெங்காயத்தை விட்டுவிட்டுத் தென்னை வைப்பது என்றும் முடிவானது. ஒன்றைச் செய்தார், மற்றதை இழுத்தடித்துச் செய்தார். விளையாட்டுப் போட்டி நடந்தது, கேடயமும் கொடுத்தார். எனக்கு எலுவன்குளம் பக்கம் இடமாற்றம் வந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யானை வரும் ஊரிலும் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகத்தான் செய்கிறார்கள்.

உங்களில் சிலர் நினைப்பீர்கள், இந்த மனுஷன் எல்லோரையும் பகைத்துக்கொண்டு என்ன கண்டார் என்று. கண்டதைச் சொல்கிறேன்.

ஜும்ஆ நாளில் பள்ளிவாசலின் வெளி ஒலிபெருக்கியை நிறுத்த யாருக்கும் நினைவு வரவில்லை. நாங்கள் பேசியதை வீட்டிலிருந்த பெண்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். பிள்ளை பாடசாலைக்குத் திரும்பிய முதல் நாள் நான் கடைத்தெருவில் நின்றேன். காம்பிலிருந்து பாடசாலைக்குப் போகப் பின்பக்கத்தால் ஒரு ஒழுங்கை உண்டு, யார் கண்ணிலும் படாமல் போய்விடலாம். அந்த உம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியாக வந்தார். மெதுவாக வந்தார். மீன் கடைக்கு முன்னால் நின்ற பெண்ணொருத்தி, ஊரின் அரைவாசிக் கதைகளைச் சுமப்பவள், வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“மகளுக்கு இப்ப எப்படி?”

“நஞ்சு பட்டது” என்றார் உம்மா, கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி. “இப்ப சுகம்.”

என்னைக் கடந்து போகும்போது என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை.